இடது கைக்காரர்களின் வீடு

மார்ச் 3

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய். மாமாவிடம் காட்டியிருப்பாய். அவர், "பிரிச்சாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்றிருப்பார். ஆக, பிரித்துவிட்டாய். நன்றி.

போன் செய்யத்தான் நினைத்தேன். கடைசியாகப் பேசியபோது நீ ரிசீவரை வைத்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. கடிதமென்றால் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். என் வீட்டுக்காரியை இங்கே எல்லோரும் டாக்டரம்மா என்கிறார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் மாடு, ஆடு, குதிரை எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் அரசாங்க வைத்தியர். வீட்டு முன்சுவரை ஒட்டி, வாசலுக்கு வலப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு அங்கேதான் பார்க்கிறாள். நான் நகராட்சிக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். மீதி நேரமெல்லாம் வீட்டோடு மல்லுக்கட்டு.

வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிரிக்காதே. முன்சுவர் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. வாசலுக்கு நேர் மேலே ஒரு விரிசல்; என் உள்ளங்கை நுழையும். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு முன்னாடி ஒரு பக்கமா வராந்தா இருந்திருக்கு சார். அதுதான் சுவரைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. எவனோ புண்ணியவான் இடிச்சுட்டுப் போயிருக்கான்" என்றார். எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. வீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. காகிதத்தை இரண்டாக மடித்து வெட்டியது போல வாசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே அச்சு.

இங்கே களிமண். புதிதாக அஸ்திவாரம் போட்டால் அது இறுக ஒரு மழைக்காலம் போக வேண்டும். பழைய அஸ்திவாரம் அகப்பட்டால் அதன் மேலேயே தூண் எழுப்பிச் சுவரைத் தாங்கிவிடலாம். மழைக்குள் முடிக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. நான் வேலை பார்க்கும் அதே நகராட்சி. காலி செய்தால் தங்க வேறு இடம் கிடையாது. டாக்டரம்மா மாற்றல் கேட்க வேண்டியதுதான்.

போன வாரம் விதை விற்கிற ஒருவர் வந்தார். வீட்டை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "இந்த வீட்டை நான் மியூசியத்துல படமா பாத்திருக்கேங்க. பழைய கலர் படம். வாசலுக்கு மேல இதே மாதிரி கல் ஆந்தை உக்காந்திருக்கும்" என்றார். எந்த மியூசியம் என்று கேட்டேன்.

உலகத்தில் எத்தனையோ மியூசியம் இருக்கிறது, அக்கா. அவர் சொன்னது உன் மியூசியம்.

தேடிப் பார்ப்பாயா?

தம்பி


மார்ச் 12

அன்புடையீர்,

தங்கள் விசாரணைக் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிடும் படம் எமது அச்சுப்படப் பிரிவில் உள்ளது. பார்வையாளர்கள் செவ்வாய், வியாழக் கிழமைகளில் முன் அனுமதி பெற்று நேரில் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
காப்பாளர், அச்சுப்படப் பிரிவு

மேலே இருப்பது ஆபீஸ் கடிதம். அதோடு நிறுத்திவிடத்தான் இருந்தேன். மாமா வாசித்துவிட்டு, "கூடப் பிறந்தவனுக்கு இப்படி ஒரு கடுதாசியா? நம்ம பஸ் டிப்போல சஸ்பெண்ட் ஆர்டர்கூட இதவிட அன்பா இருக்கும்" என்றார். அதனால் கீழே எழுதுகிறேன்.

நான் எதையும் மறக்கவில்லை. அந்த வீட்டின் போட்டோவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நீ காட்டியபோது நான் சொன்னது ஒன்றே ஒன்று: "இது வீடு இல்லடா, செங்கல் குவியல்." அதற்கு நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "நீ காகிதத்தோட குடித்தனம் பண்றவ. மனுஷங்க இருக்கற வீட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"  யாரோ எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார்கள்.

போகட்டும். இப்போது உனக்கு என் காகிதம் வேண்டும். எடுத்துப் பார்த்தேன்.

அது வண்ண மரக்கட்டை அச்சுப்படம். மிகப் பழையது. கீழே "ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு பண்ணை வீடு" என்று பொறித்திருக்கிறது. இரு கோடியிலும் புகைபோக்கி, நடுவில் வாசல், வாசலுக்கு மேல் நேராக உன்னையே முறைக்கிற ஆந்தை. விதைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாசலிலிருந்து இடது மூலை வரைக்கும் வராந்தா ஓடுகிறது. நாம் வீட்டைப் பார்த்து நின்றால் நம் இடது. அதற்கு ஆறு தூண்கள்.

எங்கள் போட்டோகிராபரிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளைதான்.

சுவருக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள். உன் வீட்டுக்காரியிடமும் சொல்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

படம் வந்தது. நேற்று முழுக்க நான் எந்த வேலையும் செய்யவில்லை.

என் வீடு, அக்கா! ஓட்டைவிழாத கூரையோடு, நிமிர்ந்த சுவரோடு! முன்னால் ஒருவர் குதிரை ஏறுகிறார், ஒரு பெண் அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள், புல்வெளியில் ஒரு ஆள் கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டிருக்கிறார், வராந்தாவில் ஒரு பெரியவர் பேனாவும் கையுமாக எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். டாக்டரம்மா முதலில் குதிரையைத்தான் பார்த்தாள். "நல்ல குதிரை. பின்னங்கால் கொஞ்சம் வீக்கம்" என்றாள். அவளுக்கு வீடெல்லாம் பிறகுதான்.

அளவுகோலை வைத்து ஜன்னல் அகலத்தை அளந்து, அதிலிருந்து வராந்தாவின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டுவிட்டேன். இத்தனை வருஷம் ரோடு போடுகிற ஆபீசில் கோடு போட்டதற்கு இப்போதுதான் ஒரு பலன். கொத்தனார் நாளை மறுநாள் இடப்பக்கம் தோண்ட ஆரம்பிக்கிறார். கடவுள் புண்ணியத்தில் கொட்டகை இருப்பது வலப்பக்கம். அதைத் தொட வேண்டியதில்லை. அவள் அதை நிறுத்துவதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தூண்கள் என்ன நிறம் என்று எழுது. எனக்கு அவசியமில்லை. தெரிந்துகொள்ள ஆசை.

டாக்டரம்மா உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். "அண்ணிகிட்ட நல்லா எழுதுங்க, வம்பா எழுதாதீங்க" என்றும் சொன்னாள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

தூண்கள் பச்சை. இலைப் பச்சையில்லை, தண்ணீர்த் தொட்டிக்குள் படிந்திருக்குமே, அந்தப் பச்சை. சுவர் வெளிர் மஞ்சள். கூரை செங்கல் சிவப்பு. இந்த மாதிரிப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கட்டை. ஒரே தாளை ஒவ்வொரு கட்டை மேலும் வைத்து வைத்து அழுத்தி எடுப்பார்கள். உன் கூரையில் சிவப்புக் கட்டை ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது. அதனால் சிவப்பு கூரையின் விளிம்பைத் தாண்டி வானத்துக்குள் கொஞ்சம் வழிந்திருக்கிறது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வானம் மேலே கரு நீலம். கீழே வர வர வெளுத்து, கூரையைத் தொடும்போது தாளின் நிறமாகவே ஆகிவிடுகிறது. அது தூரிகையால் வந்ததில்லை. கட்டையின் மேல் மையைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தது.

இந்தப் பத்தியை எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். நீ கேட்டது ஒரு நிறம்.

ஜூன் மாதம் எங்கள் மியூசியத்தில் பழைய அச்சுப்படங்களுக்கு ஒரு கண்காட்சி. பொறுப்பு முழுக்க என்னுடையது. உன் வீட்டுப் படத்தை முதல் அறையில் நுழைந்ததும் தெரிகிற மாதிரி வைக்கப்போகிறேன். பக்கத்தில் வைக்கிற குறிப்பும் எழுதிவிட்டேன்: "நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடி வரையப்பட்டது." இயக்குநர் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது சாமானியமில்லை.

மாமா இரவல் வாங்கிய லென்சை வைத்து உன் வீட்டைப் பார்த்தார். "பஸ் நிக்கற மாதிரி ஒரு ரோடுகூட இல்லையே" என்றார்.

தோண்டியதில் என்ன கிடைத்தது?

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

களிமண் கிடைத்தது. அதற்குக் கீழே இன்னும் களிமண் கிடைத்தது. அதற்கும் கீழே தண்ணீர் கிடைத்தது.

வாசலிலிருந்து இடது மூலை வரைக்கும் தோண்டியாகிவிட்டது. ஒரு கல் இல்லை. கொத்தனார் குழிக்குள் நின்றுகொண்டு, "சார், மீன் வளக்கப் போறீங்களா?" என்கிறார். தோண்டியதால் சுவர் இன்னும் பலவீனமாகிவிட்டது. விரிசலில் இப்போது இரண்டு கையும் நுழைகிறது. மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம்.  டாக்டரம்மா மாற்றல் விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறாள். நிரப்பவில்லை, வெறுமனே வைத்திருக்கிறாள்.

ராத்திரி படுத்தபடி யோசித்ததில் ஒன்று பட்டது. உங்கள் போட்டோகிராபர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார். வலது இடதாகிவிட்டது. வேறு எப்படி நடக்கும்? நீ இவ்வளவு கவனமான ஆள், அனுப்பும் முன்னால் ஒரு தடவை சரிபார்த்திருக்கக் கூடாதா? காகிதத்தில் பக்கம் மாறினால் உங்களுக்கு ஒன்றுமில்லை. இங்கே எங்கள் தலைக்கு மேல் சுவர் நிற்கிறது.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

போட்டோவின் அடியில் பார். எழுத்து இருக்கிறதா? "ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு பண்ணை வீடு." நேராகப் படிக்க முடிகிறதா? நெகட்டிவைத் திருப்பியிருந்தால் எழுத்தும் திரும்பியிருக்காதா? வரைபடம் போடுகிறவனுக்கு இதுகூடவா தெரியவில்லை?

எங்கள் போட்டோகிராபர் வேலையில் நறுவிசான மனிதர். நானும் தூங்கிக்கொண்டு அனுப்பவில்லை. இப்போதும் மூலப்படத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வராந்தா இடப்பக்கம். நேற்றும் இடப்பக்கம், இன்றைக்கும் இடப்பக்கம்.

காகிதத்தில் பக்கம் மாறினால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். இதையும் மடித்து அந்தச் சாப்பாட்டு மேஜைப் பேச்சோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

ஓவியர், இல்லாத ஒரு வராந்தாவைக் கற்பனையாக வரைந்திருக்கலாம். அழகுக்காகச் சிலர் செய்வதுண்டு. அப்படியென்றால் என் குறிப்பு தப்பு. கண்காட்சியில் வருகிறவர்களுக்கு நான் பொய் சொன்னதாகிவிடும். இது எனக்கு ஒன்றுமே இல்லைதான்.

முட்டுக்கட்டைகளை ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

இதைக் கோபமில்லாமல் படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

சாப்பிடும்போது உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் அந்தக் கடைசி வரிக்கு, "பாருங்க, திட்டினாலும் முட்டுக்கட்டையைப் பத்திக் கவலைப்படறாங்க" என்றாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து போட்டோவை எடுத்தாள். சூப்புக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த ஆளு குதிரைல தப்பான பக்கத்துல ஏறறான்" என்றாள்.

"எப்படி ஏறினா என்ன?"

"யாரும் இப்படி ஏற மாட்டாங்க. குதிரையோட இடப்பக்கம் நின்னுதான் ஏறுவாங்க. குதிரைக்கே அதுதான் பழக்கம். இவன் வலப்பக்கம் நின்னு வலது காலை சேணத்து வளையத்துல வெச்சிருக்கான். உதை வாங்குவான்."

"படம் போட்டவருக்குக் குதிரை தெரியாதோ என்னவோ."

"பின்னங்கால் வீக்கம் வரைக்கும் போட்டிருக்காரு, குதிரை தெரியாதா?" என்றவள், விரலை மெதுவாக நகர்த்தினாள். "சரி, தண்ணி மொள்ற பொண்ணு எந்தக் கையில மொள்றா? புல் அறுக்கறவரு எந்தக் கையில அருவா வெச்சிருக்காரு? அந்தப் பெரியவரு எந்தக் கையால எழுதறாரு?"

அக்கா, எல்லாம் இடது கை. அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் இடது கைக்காரர்கள்!

இது உன் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று யோசித்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. நீயே இடது கைதானே. சாப்பிடும்போது உன் முழங்கை என் முழங்கையை இடிக்கிறது என்று உன்னை எப்போதும் மேஜையின் ஓரத்தில் உட்கார வைப்பார்களே. உனக்கு அந்தப் படத்தில் எல்லோரும் சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

போட்டோ திரும்பவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எழுத்தும் நேராக இருக்கிறது. ஆனால் படம் மட்டும் திரும்பியிருக்க முடியுமா? நீதான் சொல்ல வேண்டும். அப்படியென்றால் அஸ்திவாரம் வலப்பக்கம், கொட்டகைக்கு அடியில். கொட்டகையைப் பிரித்துவிட்டு அங்கேயும் மீன் வளர்க்கிற குழிதான் வருமென்றால் டாக்டரம்மாவுக்கு வைத்தியம் பார்க்க இடமும் போய்விடும். கொத்தனார் அடுத்த ஊர் வேலைக்குப் போகிறேன் என்கிறார். நீ நிச்சயமாகச் சொன்னால் பிரித்துவிடுவோம். "அண்ணி சொல்லட்டும், நானே முதல் தகரத்தைக் கழட்டறேன்" என்கிறாள்.

தம்பி


மே 3

தம்பி,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து நின்றேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் மியூசியத்துக்குப் போனேன். படத்தை ஜன்னலோரம் வைத்து லென்சை எடுத்தேன். இத்தனை வருஷமாகப் பார்க்கிற படம். மையைப் பார்த்திருக்கிறேன், தாளின் இழையைப் பார்த்திருக்கிறேன், சிவப்பு வழிந்த விளிம்பைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்களின் கைகளை நான் பார்த்ததே இல்லை.

கை மட்டும் போதாது, வேறு ஏதாவது சாட்சி வேண்டும் என்று தேடினேன். குதிரைக்காரரின் கோட்டில் பித்தான்கள் தெரிந்தன. எந்தப் பக்கத் துணி மேலே வருகிறது என்று குறித்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாமாவை யூனிபாரம் கோட்டைப் போடச் சொன்னேன்.

"லீவு நாள்ல எதுக்கு?"

"போடுங்க, சொல்றேன்."

போட்டார். படத்துக்கு நேர் எதிர். அலமாரிக் கண்ணாடி முன்னால் அவரைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடிக்குள் இருந்த மாமா அப்படியே குதிரைக்காரர் மாதிரிப் பித்தான் போட்டிருந்தார். நான் கத்தியதில் அவர் பயந்துபோய், "என்னடி, கிழிஞ்சிருக்கா?" என்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதில் எழுத்து திரும்பியிருக்கும், தாளில் நேராக விழும். மரக்கட்டையும் அப்படித்தான். ஓவியர் வரைந்ததைத் திருப்பிச் செதுக்க வேண்டும். உன் வீட்டைச் செதுக்கியவர் திருப்பாமல் அப்படியே செதுக்கிவிட்டார். முதல் கட்டையைப் பார்த்துத்தான் மற்ற நிறக் கட்டைகளையும் செதுக்குவார்கள். அதனால் எல்லாமே சேர்ந்து திரும்பிவிட்டன. எழுத்துக் கட்டை மட்டும் தனி. அதை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். எழுத்து நேராக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும்.

வராந்தா வலப்பக்கம். நிச்சயமாகச் சொல்கிறேன். கொட்டகையைப் பிரிக்கலாம்.

மெல்லிய தாளில் படத்தைக் கோடு கோடாகப் பிரதி எடுத்து, திருப்பிப் போட்டு, தூண் ஒவ்வொன்றும் வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி வரும் என்று குறித்திருக்கிறேன். தபாலில் போட்டால் கசங்கும். கொத்தனாரும் கிளம்பிவிடுவார். எனக்குக் கண்காட்சி வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு லீவு இருக்கிறது. இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிடு.

உன் வீட்டுக்காரியிடம் சொல்: அவளுக்குக் குதிரை மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன். குதிரை தெரிந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

இயக்குநரிடம் நாளை சொல்ல வேண்டும். "உள்ளது உள்ளபடி" என்று எழுதிய குறிப்பை அச்சுக்கும் கொடுத்தாயிற்று. 

அக்கா


மே 12

அக்கா!

கிடைத்துவிட்டது!

முதல் தகரத்தை டாக்டரம்மா கழற்றினாள், சொன்னபடியே. மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் உன் தாளை விரித்து, கொத்தனார் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு மறு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். நீ குறித்த முதல் இடத்தில் கடப்பாரையைப் போட்டதும் 'ணங்' என்றது. அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் எப்படி அனுப்புவது? எல்லோரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள் டாக்டரம்மா. போட்டார். மறுபடியும் 'ணங்'. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சினைமாட்டைக் காட்ட வந்த ஒருவர் என்னவோ ஏதோ என்று பயந்து மாட்டோடு திரும்பிப் போய்விட்டார். பிறகு நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

முழு அஸ்திவாரமும் இருக்கிறது. நல்ல கருங்கல். கொத்தனார் குனிந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா எந்த ஊர் இன்ஜினியர்?" என்று கேட்டார். "காகித இன்ஜினியர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தூண் வேலை தொடங்கிவிட்டது. மாற்றல் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இப்போது செங்கல் எத்தனை, மணல் எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வண்டிக் கொட்டகையை டாக்டரம்மாவுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

மாமாவை அனுப்பச் சொன்னாய். அவர் கிளம்புவதாகத் தெரியவில்லை.

தம்பி


மே 18

தம்பி,

'ணங்' எனக்கு நன்றாகவே கேட்டது.

இயக்குநரிடம் சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போயிற்று என்று நினைத்தேன். திடீரென்று மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இத்தனை பேர் இத்தனை வருஷமா பாத்திருக்கோம், ஒருத்தருக்கும் தெரியலையே! குறிப்பை மாத்துங்க. எதிர்ச் சுவர்ல ஒரு கண்ணாடி மாட்டுங்க. வர்றவங்க நிஜ வீட்டைக் கண்ணாடில பாக்கட்டும்" என்றார். மாட்டிவிட்டோம். ஒத்திகைக்கு வந்த காவலாளிகளில் பாதிப் பேர் அதில் தலை சீவிக்கொண்டு போகிறார்கள்.

புதுக் குறிப்பில், தவறைக் கண்டுபிடித்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்று போட்டிருக்கிறேன்.

மாமா விஷயம் என்ன? டிப்போவிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ரேடியோவைப் போட்டால் அதுவும் யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அனுப்பி வை.

அக்கா


மே 27

அக்கா,

மாமாவுக்குப் பூச்சு வேலை பிடித்துவிட்டது. கரண்டியைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை. கொத்தனாரும் அவரும் ஒருவரையொருவர் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். டிப்போவுக்குத் தந்தி கொடுத்து லீவை நீட்டிவிட்டார். உன்னிடம் சொல்லப் பயந்து என்னைச் சொல்லச் சொன்னார். நான் கேட்டேன், "அக்கா திட்டுவாளே மாமா?" "நேர்ல வந்து திட்டட்டுமே மாப்பிள்ளை" என்றார்.

ஆறு தூணும் எழும்பிவிட்டது. நகராட்சியிலிருந்து வந்து நூல் பிடித்துப் பார்த்துவிட்டு நோட்டீசைக் கிழித்துப் போட்டார்கள். கூரை மட்டும் பாக்கி. தூணுக்குப் பச்சை கலந்தோம். நீ சொன்ன தொட்டிப் பச்சை வரவே இல்லை. கலக்கக் கலக்க ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறோம். மாமா, பஸ் பச்சை வேண்டும் என்கிறார். நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

கிழக்குப் பார்த்த அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருக்கிறது. அது டாக்டரம்மா மருந்து வைத்திருந்த அறை. கொஞ்சம் டிஞ்சர் வாசனை வரும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

கண்காட்சி தொடங்கியதும் புறப்பட்டு வா.

தம்பி


ஜூன் 21

தம்பி,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மாமா பஸ் டிரைவர் கியர் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் நம் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "பூச்சு சரியில்ல" என்றார். இனி நான் நிம்மதியாக இருந்த மாதிரிதான்.

கிளம்புகிற அவசரத்தில் பேச வாய்க்காதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் வந்த கையோடு எழுதுகிறேன்.

மழை பிடித்த அந்தச் சாயங்காலம், குடையை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனேன் அல்லவா? ஓவியர் எங்கே நின்று பார்த்திருப்பார் என்று தேடத்தான் போனேன். சாணியில் ஒரு தடவை, சேற்றில் ஒரு தடவை கால் வைத்த பிறகு இடம் கிடைத்தது. இரண்டு புகைபோக்கியும் கூரையோடு படத்தில் இருக்கிற அதே அளவுக்குத் தெரிகிற இடம்.

திரும்பி நின்று பார்த்தேன். மழை நன்றாகவே அடித்தது. சுவர் நின்றது. புதுக் கூரையிலிருந்து தண்ணீர் நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வராந்தாவில் உன் வீட்டுக்காரி ஒரு கன்றுக்குட்டியின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்றுக்காரர் அதன் கழுத்தைப் பிடித்திருந்தார். மாமா நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று தூண் ஒரு பச்சை, இரண்டு தூண் ஒரு பச்சை, நாம் சண்டை போட்டு நிறுத்திய ஆறாவது தூணுக்கு நிறமே இல்லை. நீ விளக்கைக் கொண்டுவந்து மாட்டினாய்.

எவ்வளவோ வீடுகளைத் தாளில் பார்த்திருக்கிறேன், தம்பி. எதிலும் என்னைத் தேடிக்கொண்டு யாரும் வராந்தாவின் ஓரத்துக்கு வந்ததில்லை. நீ வந்தாய். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாய். "அக்கா! மழைல அங்க என்ன பண்ற? உள்ள வா!" என்று கத்தினாய். நான் அசையவில்லை. கன்றுக்குட்டிகூடத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் கத்தினாய். அப்புறம்தான் வந்தேன். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து நீ துண்டைக் கொடுத்தாய். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் தடவையே கேட்டது. நீ இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் நின்றேன்.

அக்கா